கவனிக்கப்படாத கிட்டார் கலைஞர்களைத் தேடிக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் பெரும்பாலும் அதே இருபது பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் அந்தப் பட்டியல்கள் ஒரே ஒரு திறமைக்குத்தான் மதிப்பெண் போடுகின்றன: மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட, முன்னால் வந்து சோலோ வாசிப்பது. நான்கு நிமிடப் பாட்டில் சோலோ அரை நிமிடம் இருந்தால் அதிகம். மீதி மூன்றரை நிமிடமும் கிட்டார் சும்மா இருப்பதில்லை. தாளத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புகிறது, சில இடங்களில் வேண்டுமென்றே விலகி நிற்கிறது. கவனிக்கப்படாத பெரும் கலைஞர்களில் பலர் அந்த மூன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறார்கள். அதைக் கேட்கக் காதைப் பழக்கும் முறை இது.

தேவையானவை அதிகமில்லை. காதை மூடும் வகை வயர் ஹெட்ஃபோன், சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தைக் குறைக்கும் ஒரு செயலி, மெட்ரோனோம், ஒரு நோட்டு. கிட்டார் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

ஏன் கண்ணில் படவில்லை என்று முதலில் பாருங்கள்

காரணம் தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். எல்லாரும் ஒரே காரணத்தால் மறைந்தவர்கள் இல்லை.

சிலர் செய்த வேலையே பின்னணி வேலை. கவுன்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் 1937-ல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987-ல் இறக்கும்வரை அங்கே ரிதம் கிட்டார் வாசித்தார். ஐம்பது ஆண்டுகளில் சோலோ என்பது அவரிடம் அரிதிலும் அரிது. சிலருக்குப் பெயரே அச்சாகவில்லை. அறுபதுகளில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுன் வெளியிட்ட பாடல்களில் வாசித்த ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா மூவரும் உலகமே முணுமுணுத்த பாட்டுகளில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனத்தின் ஆல்பம் ஒன்றில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சானது 1971-ல்தான்.

இன்னும் சிலரை அவர்களின் இசை வகையே மறைத்தது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் தேவாலயப் பாடகியாக அறியப்பட்டதால், நாற்பதுகளிலேயே அவர் எலெக்ட்ரிக் கிட்டாரில் செய்ததை ராக் வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருந்தார்கள். அவர் இறந்தது 1973. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018-ல்.

குழுவின் பிற்காலப் புகழ் முற்காலத்தை மூடிவிடுவதும் உண்டு. சிகாகோ என்னும் ராக் குழு என்றதும் ஊது கருவிகளும் மென்மையான காதல் பாட்டுகளும் நினைவுக்கு வருகிறவர்கள், 1978-ல் 31 வயதில் இறந்த டெரி கேத் அந்தக் குழுவின் முதல் ஆல்பங்களில் எவ்வளவு மூர்க்கமாக வாசித்தார் என்பதைக் கேட்டே இருக்க மாட்டார்கள். ஜாஸ் கலைஞர் எமிலி ரெம்லர் 1990-ல் 32 வயதில் மறைந்தார். கேட்க அவர் விட்டுப்போனது சில ஆல்பங்கள்தான். டேனி கேட்டன் கதை வேறு: கிட்டார் வாசிப்பவர்கள் எல்லாரும் அறிந்தவர், வெளியே யாரும் அறியாதவர். அவர் பெயரோடு ‘உலகின் மிகச்சிறந்த அறியப்படாத கிட்டார் கலைஞர்’ என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்தக் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். பின்னணி என்றால் தாளத்தைக் கேட்க வேண்டும். பெயர் அச்சாகவில்லை என்றால் ஆவணங்களைத் தேட வேண்டும். வகை மறைத்தது என்றால் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும்.

கேட்கும் ஏற்பாடு

வயர்லெஸ் ஸ்பீக்கர் ஒன்றை மேசையில் வைத்துக் கேட்டால் இந்த வேலை நடக்காது. பல சிறிய ஸ்பீக்கர்கள் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ரிதம் கிட்டார் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால் இந்தப் பிரிவுதான் நமக்கு வேண்டிய முதல் கருவி. ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு மற்றக் காது. அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகவே இருக்கும். எந்த மென்பொருளும் இல்லாமல் குரல் விலகி, கிட்டார் தெளிவாகக் கிடைத்துவிடும்.

அடுத்து ஈக்வலைசர், அதாவது ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பி 330 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். ஆனால் கலவையில் பேஸும் டிரம்ஸும் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்வதால், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறைத்து 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை சற்றே ஏற்றினால் பிக் (கிட்டாரை மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தட்டும் ஓசை மேலே வரும். ஒலி அளவைக் குறைத்தே வையுங்கள். சத்தம் கூடினால் ஸ்நேர் டிரம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினால், நடுவில் இருக்கும் குரல், பேஸ், கிக் டிரம் மூன்றும் பெருமளவு அழிந்து ஓரங்களில் உள்ளவை மிஞ்சும். மோனோ பதிவில் இதைச் செய்தால் மொத்தப் பாட்டும் மறைந்துவிடும், இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால். அது உங்கள் தவறல்ல. கருவிகளைப் பிரித்துத் தரும் புதிய மென்பொருள்களும் உதவும். ஆனால் அவை பியானோவையும் கிட்டாரையும் குழப்பிக்கொள்ளும், நாதம் எங்கே முடிகிறது என்பதையும் மழுங்கடிக்கும். யார் எப்போது நுழைகிறார் என்று கண்டுபிடிக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்தி, தரத்தை முழுப் பதிவில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

வேகத்தைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. 75 சதவீதம் நல்லது, 50 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் தட்டலின் விளிம்பு கரைந்துவிடுவதால், வாசித்தவர் தாளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லவே முடியாது.

ஒரு பாட்டை நான்கு முறை

ஒரு அமர்வுக்கு இரண்டு பாட்டுகள் போதும். காது களைத்த பிறகு கேட்பது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் முறை எதையும் தேடாமல் முழுப் பாட்டையும் கேளுங்கள். இரண்டாம் முறை காலால் தாளம் போட்டுக்கொண்டு, கிட்டாரின் தட்டு ஸ்நேருக்குச் சற்று முன்பா, அதே கணத்திலா, பின்பா என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் முறைதான் பலருக்குப் புதிது: நாதம் எங்கே தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே நிறுத்தப்படுகிறது என்று கேளுங்கள். நல்ல ரிதம் வாசிப்பில் பாதி வேலை கம்பியை அடக்கும் கையில் இருக்கிறது. நான்காம் முறை, கிட்டார் எங்கெல்லாம் வாசிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி எழுதினால் போதும். ‘அருமை’ போன்ற சொற்கள் வேண்டாம். ‘இரண்டாம் சரணத்தில் பாடகர் பாடும்போது நிறுத்திவிட்டு, வரி முடிந்ததும் இரண்டு சுரம்’ என்பதுபோல எழுதுங்கள்.

இதைப் பழக ஏற்ற இடம், மோட்டவுனின் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடி 1964-ல் வெளிவந்த ‘மை கேர்ல்’ பாட்டின் தொடக்கம். முதலில் பேஸ் மட்டும் வருகிறது. பிறகு ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ஆறு சுரங்கள் ஏறுகிறது: ச ரி க ப த ச. மோகனத்தின் ஆரோகணம் அப்படியே. கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறி நான்காம் சுரத்துக்குப் போகும்போது, ஒயிட் அதே ஆறு படிகளையும் மத்தியமத்தை ஆதாரமாக வைத்து அங்கே ஏறுகிறார். கையைக்கூட மாற்ற வேண்டியதில்லை, அதே விரலமைப்பை நகர்த்தினால் போதும். வாசிக்க ஒரு வாரப் பழக்கம் உள்ளவருக்கும் முடியும். ஆனால் ஒலியைக் கேளுங்கள்: ஆறு சுரமும் ஒரே எடையில், ஒன்றின் மேல் ஒன்று கசியாமல், அவசரமே இல்லாமல் நிற்கின்றன. பாடகர் வாயைத் திறக்குமுன்பே பாட்டு எது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படி ஆறு சுரத்தை எழுப்பிவிட்டுப் பெயரின்றி ஸ்டுடியோவை விட்டு வெளியேறிய கலைஞனுக்கு எந்தப் பட்டியலில் இடம் தருவது?

ரிதம் கலைஞர்களைக் கையால் புரிந்துகொள்ளுதல்

கிட்டார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். காதால் ‘சுலபம்’ என்று தள்ளிவிட்ட பலதும் கையில் எடுத்தால் உண்மையைச் சொல்லும்.

ஃப்ரெடி கிரீனுக்கு ஆம்ப் (ஒலிபெருக்கி) கிடையாது. ஒரு பெரிய ஊதுகருவிப் படைக்கு நடுவே வெறும் மரக்கிட்டாரின் ஓசையை ஒவ்வொரு பீட்டிலும் கேட்கச் செய்தார். அவர் பாணியை ஒட்டி இதைச் செய்து பாருங்கள். 6-ஆம் கம்பியில் (இருப்பதிலேயே தடித்தது) 3-ஆம் ஃபிரெட்டை (கிட்டார் கழுத்தின் கட்டம்) நடுவிரலாலும், 4-ஆம் கம்பியில் 3-ஐ மோதிரவிரலாலும், 3-ஆம் கம்பியில் 4-ஐச் சுண்டுவிரலாலும் அழுத்துங்கள். 5-ஆம் கம்பியை நடுவிரலின் நுனி தொட்டு அடக்க வேண்டும். மெல்லிய இரண்டு கம்பிகளை விரல்களின் அடிப்பாகம் அடக்கும். இது ஜி7. அடுத்து 6-ஆம் கம்பியை அப்படியே விட்டு, 4-ஆம் கம்பியை 2-க்கும் 3-ஆம் கம்பியை 3-க்கும் இறக்கினால் சி7 வந்துவிடும். கவனியுங்கள், 4-ஆம் கம்பியில் ஒரே ஒரு ஃபிரெட் இறக்கம். கிரீனின் பதிவுகளில் மூன்று விரல் வைத்த இடத்திலும் பல நேரம் தெளிவாகக் கேட்பது அந்த 4-ஆம் கம்பியின் சுரம் மட்டும்தான். அது பேஸுக்குமேல் படிப்படியாக நடக்கும் இன்னொரு மெட்டு.

மெட்ரோனோமை 120-ல் வைத்து, ஒரு பீட்டுக்கு ஒரு கீழ்த்தட்டு. தட்டியதும் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், விரலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது. பத்து நிமிடம் வேகம் குறையாமல் வாசித்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் தோள் இறுகும், ஐந்தாவதில் தட்டு முந்தத் தொடங்கும். அதற்குப் பிறகு கிரீனைக் கேட்டால், அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உடம்பிலேயே புரியும்.

ஜிம்மி நோலன் 1965-ல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் சேர்ந்தவர். ஃபங்க் இசை என்று நாம் இன்று கேட்கும் கிட்டார் ஓசையில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து வந்தது. வலக்கை ஒரு பீட்டுக்கு நான்கு முறை, கீழும் மேலுமாக நிற்காமல் ஓடுகிறது. எந்தத் தட்டு ஒலிக்க வேண்டும் என்பதை இடக்கைதான் முடிவு செய்கிறது. ஈ9 கார்டில் தொடங்குங்கள்: 5-ஆம் கம்பியில் 7, 4-ஆம் கம்பியில் 6, மெல்லிய மூன்று கம்பிகளிலும் 7. மெட்ரோனோம் 60. பதினாறு தட்டுகளில் முதல், நான்காவது, பதினொன்றாவது மட்டும் ஒலிக்கட்டும். மற்றவை வெறும் உரசல்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நேரும். ஒன்று, மௌனம் வர வேண்டிய இடத்தில் வலக்கையை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் அடுத்த தட்டு தாமதமாகும். இரண்டாவது, விரலைத் தளர்த்தியதும் உரசலுக்குப் பதிலாக மணியோசை எழுவது. 7-ஆம் ஃபிரெட் கம்பியை மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்கும் இடம் என்பதால், அங்கே ஒற்றை விரல் மெல்லத் தொட்டாலே ஹார்மானிக் ஒலிக்கும். சுண்டுவிரலையும் கம்பிகள்மேல் படியவிட்டால் அடங்கிவிடும், அல்லது ஒரு ஃபிரெட் மேலே நகர்ந்து எஃப்9-ல் பழகலாம். இன்னொன்று: பிரவுனோடு அவர் வாசித்த 1965-ஆம் ஆண்டின் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பதிவு வெளியிடும்போது வேகம் கூட்டப்பட்டது. பழைய இசைத்தட்டுகள் இப்படிச் சுருதி விலகியிருப்பது சகஜம். உங்கள் கிட்டார் ஒத்துவரவில்லையென்றால் செயலியில் பாட்டின் சுருதியை நகர்த்துங்கள், கம்பியைத் திருக வேண்டாம்.

ஏசி/டிசி ராக் குழுவின் மால்கம் யங்கைக் கேட்க ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு கிட்டார்களும் இரண்டு காதுக்குப் பிரிந்திருக்கும். சோலோ ஓடும்போது மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் மற்றக் கிட்டார்தான் அவர். தடித்த கம்பிகள், குறைவான டிஸ்டார்ஷன் (கரகரப்பு), பலமான கை. இதைப் பிரதி எடுப்பவர்கள் ஆம்பில் கெயினை (கரகரப்பைக் கூட்டும் திருகை) ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றினால் கார்டுக்குள் இருக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி, தட்டுகளுக்கு இடையிலான வெற்றிடமும் இரைச்சலால் நிரம்பிவிடும். அவர் வாசிப்பின் பலமே அந்த வெற்றிடம்தான்.

கட்டைவிரல் இரண்டு

மேபெல் கார்ட்டர் 1927-ல் டென்னிசியின் பிரிஸ்டலில், நாட்டுப்புற இசைக் குழுவான கார்ட்டர் குடும்பத்தின் முதல் பதிவில் வாசித்தபோது அவருக்கு வயது 18. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை எடுக்க, ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளில் தாளத்தைத் துலக்குகிறது. ஒரே கிட்டாரில் பாட்டும் பக்கவாத்தியமும்.

எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்காகக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். அதனால் தடித்த கம்பிகள் கீழே போய்விட, விரல்கள் பேஸை வாசித்தன, கட்டைவிரல் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசித்தது. முதல் ஆல்பம் 1958-ல், 65 வயதில். அதற்குமுன் வீட்டு வேலை செய்துவந்தவர். அவர் வாசிப்பை வலக்கைக்காரர்கள் டேப் (கம்பி, ஃபிரெட் எண்களில் எழுதிய குறிப்பு) பார்த்து எடுத்தால் சுரங்கள் சரியாக வரும், அழுத்தம் தலைகீழாகும். காட்டனிடம் பலமான விரல் மெட்டில் இருக்கிறது, நம்மிடம் அது பேஸில் இருக்கிறது. ஆகவே கட்டைவிரலை வேண்டுமென்றே மென்மையாக்கி, மெல்லிய கம்பிகளை மீட்டும் விரல்களுக்கு எடை கொடுங்கள்.

வட்டத்தை விட்டு வெளியே

ஆங்கிலப் பாட்டு உலகத்துக்கு வெளியேதான் உண்மையான புதையல் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காங்கோ ரும்பாவில் தொடங்குங்கள். பாட்டின் பிற்பகுதியில் குரல் ஒதுங்கி, செபென் என்னும் கிட்டார் பகுதி வரும். லீட், ரிதம் இரண்டுக்கும் நடுவே மி-சோலோ என்ற மூன்றாவது கிட்டாரும் பின்னாளில் சேர்ந்தது. முதல் முறை கேட்பவருக்கு எல்லாம் ஒரே கிட்டார் போலிருக்கும். மேலே ஓடுவதை விட்டுவிட்டு, மாறாமல் திரும்பத் திரும்ப வரும் கோர்வையைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் அதையே தொடருங்கள். அதன்பின் மற்றவை தாமே பிரியும். டாக்டர் நிக்கோ (1939–1985) இங்கே முதல் பெயர். சுதந்திர ஆண்டான 1960-ல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் ச ச’ பதிவில் அவர் வாசித்திருக்கிறார்.

ஜமைக்காவின் ராக்ஸ்டெடி என்னும் இசை வகையில், டிரினிடாட்டில் பிறந்த லின் டெய்ட் செய்தது வேறு: பேஸ் வாசிக்கும் அதே வரியைக் கிட்டாரில் அடக்கிய ஓசையோடு கூடவே வாசிப்பது. பேஸின் சுரத்துக்கு விளிம்பு கிடைக்கிறது. சிறிய ரேடியோவிலும் அந்த வரி கேட்டது இதனால்தான். பிரேசிலில் டினோ செட்டே கோர்டாஸ் (1918–2006) ஏழு கம்பிக் கிட்டாரில், சம்பா பாடகரின் வரிகளுக்கு அடியில் பதில் சொல்லும் இறங்குவரிசைகளை அமைத்தார். சம்பா பாடகர் கார்ட்டோலாவின் 1974 ஆல்பத்தில் குரலை விட்டுவிட்டு அடிக்கம்பிகளை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

இந்திய ராக இசையில் பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டாரை மடியில் கிடத்தி, உலோகத் தண்டைக் கம்பிமேல் நகர்த்தி, மீண்ட் என்னும் சுரவழுக்கல்களை எடுத்தார். 1967-ன் ‘கால் ஆஃப் தி வேலி’ பதிவில் சந்தூரையும் புல்லாங்குழலையும் பாராட்டுபவர்கள் மூன்றாவது கருவியை மறந்துவிடுகிறார்கள். பிரசன்னா ஃபிரெட் உள்ள வழக்கமான கிட்டாரிலேயே கமகங்களைக் கொண்டுவருகிறார். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது வசதி: காம்போதியோ தோடியோ தெரிந்த ராகத்தை எடுத்துக்கொண்டு, சுரங்களுக்கு இடைப்பட்ட பாதையை அவர் எப்படிக் கடக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

ஜாஸில் கிராண்ட் கிரீனிடம் கார்டுகளைத் தேடாதீர்கள். ஒற்றைச் சுரங்களால் பாடுகிறவர் அவர். 1964-ல் பதிவான அவரது சில ஆல்பங்கள் 1979-ல்தான் வெளிவந்தன என்பதால் அவருடைய காலத்தவர்களே முழுதாகக் கேட்டிருக்க முடியாது. எண்பதுகளின் ராக் வேண்டுமானால் சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் குழுவின் 1981 ஆல்பம் ‘ஜுஜு’. அதில் ஜான் மெகியோ கார்டுகளை உடைத்துத் தனிச் சுரங்களாகச் சிதறவிடும் விதம் பின்னால் வந்த பல குழுக்களுக்குப் பாடமானது.

யார் வாசித்தது என்று உறுதி செய்யுங்கள்

கவனிக்கப்படாதவரைப் பாராட்டப்போய், வேறொருவர் வாசித்ததை அவர் கணக்கில் எழுதுவது அவருக்கும் நல்லதல்ல, மற்றவருக்கும் அநியாயம். ஆல்பத்தின் உறையில் படத்தில் நிற்பவரே ஸ்டுடியோவில் வாசித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொலைக்காட்சிக் காணொளிகளில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பதிவுக்கு வாயசைத்து, கையசைத்துத்தான் நடித்தார்கள். சிங்கிளாக வந்த வடிவமும் ஆல்பத்தில் வந்த வடிவமும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களோடு பதிவாகியிருக்கலாம்.

முதலில் உறையின் உள்குறிப்பு, பிறகு மறுவெளியீட்டுத் தொகுப்புகளில் வரும் விரிவான குறிப்பேடு, இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு ஒப்பந்தங்களை வைத்துத் தயாரித்த பட்டியல்கள், கடைசியாகவே நேர்காணல்கள். நினைவிலிருந்து சொல்வதில் பிசகு வரும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போனால் பெயரை எழுதுங்கள், ஒன்றுதான் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஒருவரைப் பற்றி முடிவுக்கு வருமுன் குறைந்தது மூன்று வெவ்வேறு பாடகர்களோடு அவர் வாசித்ததைக் கேளுங்கள். மூன்று இடத்திலும் அதே உத்தியே வந்தால் அவர் ஒரு பாணிக்காரர். பாட்டுக்கேற்ப ஓசையும் இடமும் மாறினால் அவர் கேட்கத் தெரிந்தவர். இரண்டுக்கும் மதிப்புண்டு, ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் குறிக்காதீர்கள். அதேபோல, யாருக்கும் தெரியாத பெயர் என்பதற்காகவே ஒருவரை ஏற்றிவைப்பதும் தவறு. நான்கு முறை கேட்டும் நோட்டில் எழுத ஒரு வரி கிடைக்கவில்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடுங்கள்.

பிறருக்குக் கேட்கக் கொடுக்கும்போது

நாற்பது பாட்டுத் தொகுப்பு அனுப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே பாட்டு அனுப்புங்கள். எந்தக் காது, எந்த நிமிடம், எந்த நொடி, என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு வரி: ‘ஹெட்ஃபோனில் கேள், பாட்டின் தொடக்கம், பேஸுக்குப் பிறகு ஏறும் ஆறு சுரம், வாசித்தவர் ராபர்ட் ஒயிட்.’ பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். குழுவின் பெயரையோ பாடகரின் பெயரையோ மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அவர்கள் மறைந்துபோனது அப்படித்தான்.